டெக்ஸாஸ் மாநிலப் பொருளாளர் அலுவலகம், 1836–1996: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநிலப் பொருளாளர் என்றால் நிதியமைச்சரா?

இல்லை. பட்ஜெட் போடுவதும் வரி விகிதம் முடிவு செய்வதும் அவர் வேலை கிடையாது. வந்த பணத்தை வாங்கிப் பத்திரப்படுத்துவது, வங்கியில் போட்டு வட்டி ஈட்டுவது, முறையான ஆணை வந்தால் பணம் கொடுப்பது, இவ்வளவுதான் அவர் பொறுப்பு. கோயில் கமிட்டியிலோ சங்கத்திலோ பொருளாளர் என்று ஒருவர் இருப்பாரே, அதே வேலைதான், ஒரு மாநிலத்தின் அளவுக்கு.

நம்மூர்க் கருவூலத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாவட்டக் கருவூலம், சார்நிலைக் கருவூலம் என்று இங்கே ஊர் ஊராக அலுவலகங்கள் உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்கள் அரசு ஊழியர்கள். டெக்ஸாஸில் பொருளாளர் அலுவலகம் ஒன்றே ஒன்று, அதுவும் தலைநகர் ஆஸ்டினில். அதன் தலைவரை ஆளுநரைத் தேர்ந்தெடுப்பது போலவே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்.

கன்ட்ரோலர் என்று இன்னொருவர் இருந்தாரே, அவர் யார்?

இந்த அலுவலகத்தின் கதை முழுக்க இந்த இருவரைச் சுற்றித்தான். கன்ட்ரோலர் கணக்கு எழுதுபவர், பொருளாளர் பெட்டிச் சாவி வைத்திருப்பவர். கணக்கு எழுதுபவர் கையில் பணம் கிடையாது. பணம் வைத்திருப்பவரால் தானாக ஒரு டாலர்கூட எடுத்துக் கொடுக்க முடியாது. இருவரையும் மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால் ஒருவர் மற்றவருக்குக் கீழே இல்லை.

1876-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இந்த இருவரையும் ஆளுநர், துணை ஆளுநர், அரசுச் செயலாளர், நிலத் துறை ஆணையர், அட்டர்னி ஜெனரல் ஆகியோரோடு ஒரே பட்டியலில் வைத்தது. பொருளாளர் சம்பளம் ஆண்டுக்கு 2,500 டாலர் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பதவிக் காலம் 2 ஆண்டு. 1972-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான், 1974 தேர்தலிலிருந்து, அது 4 ஆண்டாயிற்று.

ஒரு டாலர் உள்ளே வந்து வெளியே போவது எப்படி நடந்தது?

உள்ளே வருவதில் தொடங்கலாம். ஒரு துறைக்கு வரியாகவோ கட்டணமாகவோ ஒரு செக் வருகிறது. அது எந்தக் கணக்குத் தலைப்பில் சேர வேண்டும் என்று கன்ட்ரோலர் ஓர் ஆணை எழுதுவார். அந்த ஆணையை வைத்துத்தான் பொருளாளர் பணத்தை ஏற்று ரசீது கொடுப்பார். எந்தத் தலைப்பு என்று தெரியாத பணமும், ‘இந்த வரி செல்லாது, எதிர்ப்புத் தெரிவித்துத்தான் கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்த பணமும் தற்காலிகக் கணக்கில் நிற்கும். எதிர்ப்போடு கட்டியவர் 90 நாளுக்குள் வழக்குப் போடாவிட்டால் பணம் பொதுக் கணக்குக்குப் போய்விடும்.

வெளியே போவதில் படிகள் கூடுதல். துறை முதலில் பில்லோடு வவுச்சர் அனுப்பும். கன்ட்ரோலர் இரண்டு விஷயம் பார்ப்பார்: சட்டமன்றம் இந்தச் செலவுக்கு ஒதுக்கீடு செய்திருக்கிறதா, அந்த ஒதுக்கீட்டில் மீதி இருக்கிறதா. இரண்டும் சரியென்றால் ‘வாரன்ட்’ எழுதுவார். போலீஸ் வாரன்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்று கன்ட்ரோலர் பொருளாளருக்கு எழுதும் செலுத்தாணை இது. பார்க்க செக் மாதிரியே இருக்கும். பெற்றவர் தன் வங்கியில் போடுவார், வங்கி அதைப் பொருளாளரிடம் அனுப்பும், அவர் எண்ணையும் தொகையையும் சரிபார்த்துப் பணம் தருவார்.

செக்குக்கும் வாரன்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கடைசிப் படியில்தான். செக் ஒரு வங்கியின் மேல் எழுதப்படுகிறது. வாரன்ட் கருவூலத்தின் மேல் எழுதப்படுகிறது. கருவூலத்தில் பணம் இல்லாவிட்டால் அது வெறும் கடன் சீட்டாகிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் இது பலமுறை நடந்தது. அப்போது வாரன்ட்டைக் கையில் வைத்திருந்த ஆசிரியரும் நீதிபதியும் அதைக் கழிவு விலைக்கு விற்றுத்தான் காசைப் பார்த்தார்கள்.

வாரன்ட்டில் என்ன தவறு வரும்?

நான்கு தவறுகள் அடிக்கடி வரும்.

முதலாவது, காலம் கடப்பது. எழுதப்பட்ட நிதியாண்டு முடிந்து 2 ஆண்டுக்குள் கொண்டுவராத வாரன்ட் செல்லாது. டெக்ஸாஸின் நிதியாண்டு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடியும். ஆகவே ஆகஸ்ட் கடைசியில் எழுதிய வாரன்ட்டுக்கும் செப்டம்பர் முதல் வாரத்தில் எழுதியதற்கும் நாலைந்து நாள்தான் இடைவெளி, ஆனால் காலாவதியில் ஒரு முழு ஆண்டு வித்தியாசம் வரும்.

இரண்டாவது, ஒதுக்கீடு. சட்டமன்றம் எந்த ஒதுக்கீட்டையும் 2 ஆண்டுக்கு மேல் செய்ய முடியாது. பழைய ஒதுக்கீட்டை நம்பி அனுப்பிய வவுச்சர் திரும்பி வரும். மூன்றாவது, பெறுபவரே மாநிலத்துக்குப் பாக்கி வைத்திருப்பது. வரிப் பாக்கி இருப்பவருக்கு வாரன்ட் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம். நான்காவது, தாமதம். 1980-களில் வந்த சட்டப்படி, சரக்கும் பில்லும் வந்த 30 நாளுக்குள் பணம் தராவிட்டால் 31-ஆம் நாளிலிருந்து துறை வட்டி சேர்த்துத் தர வேண்டும்.

இந்தப் பதவி எப்போது தொடங்கியது?

டெக்ஸாஸ் ஒரு மாநிலமாவதற்கு முன்பே. மெக்ஸிகோவிலிருந்து பிரிந்து 1836-இல் தனிக் குடியரசானபோது அதன் ஜனாதிபதி சாம் ஹூஸ்டன், ஆசா பிரிகம் என்பவரைப் பொருளாளராக்கினார். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். பொதுப் பணத்தைச் சொந்தத்துக்குப் பயன்படுத்தினார் என்று 1840-இல் அவர்மேல் குற்றம் சாட்டி, பிறகு குற்றமற்றவர் என்று விட்டுவிட்டார்கள். பின்னாளில் ஆஸ்டின் நகர மேயராகவும் இருந்தார்.

அவர் காத்த பெட்டியில் காசு இருந்ததில்லை. இருந்தது காகிதம். 1837-இல் வந்த நோட்டுகளில் சின்ன நட்சத்திரம் இருக்கும், 10 சதவீத வட்டியும் உண்டு. அவை ஓரளவு முகமதிப்போடு ஓடின. 1839-இல் மிராபோ லமார் ஆட்சியில் ‘ரெட்பேக்’ வந்தது. பின்புறம் சிவப்பு மை என்பதால் அந்தப் பெயர். வட்டி கிடையாது, பின்னால் தங்கம் வெள்ளியும் கிடையாது. சுமார் 27.8 லட்சம் டாலருக்கு அச்சடித்தார்கள். 1842 வாக்கில் ஒரு டாலர் நோட்டை ஓரிரு சென்ட்டுக்குமேல் யாரும் வாங்கவில்லை.

கருவூலத்தைக் கவிழ்த்தது நோட்டின் விலைச் சரிவைவிட வரி கட்டும் விதிதான். வரியை அந்த நோட்டிலேயே, முகமதிப்புக்கே கட்டலாம் என்று விட்டிருந்தார்கள். வெளியே 10 சென்ட்டுக்கு நோட்டை வாங்கி உள்ளே 1 டாலர் வரிக்குக் கட்டினால் வரியில் பத்தில் ஒரு பங்குதான் கைவிட்டுப் போகும். எல்லாரும் அதையே செய்தார்கள். கணக்குப் புத்தகத்தில் வரவு நிறைந்திருக்கும், பெட்டியைத் திறந்தால் யாரும் வாங்காத காகிதம் கிடக்கும்.

அமெரிக்காவோடு சேர்ந்த பிறகு?

1845 டிசம்பர் 29-இல் சேர்ந்தது, 1846 பிப்ரவரியில் ஆட்சி கைமாறியது. முதல் மாநிலப் பொருளாளர் ஜேம்ஸ் ரேமண்ட், 1858 வரை இருந்தார். முதலில் சட்டமன்றம் பொருளாளரைத் தேர்ந்தெடுத்தது. 1850-இல் அது மக்கள் கைக்கு வந்தது.

அதே 1850-இல்தான் கருவூலத்துக்கு முதல்முறை நிஜமான பணம் வர வழியும் பிறந்தது. நியூ மெக்ஸிகோ பக்கம் டெக்ஸாஸ் கோரிய நிலத்தை விட்டுக்கொடுத்ததற்கு மத்திய அரசு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, 5 சதவீத வட்டிப் பத்திரங்களாக. அதில் பாதியான 50 லட்சம் டாலர் பத்திரங்கள் ஆஸ்டினுக்கு வந்தன. மீதியைக் குடியரசுக் காலத்துக் கடன்காரர்களுக்காக வாஷிங்டனிலேயே நிறுத்தி வைத்தார்கள்; 1855-இல் அதை 77.5 லட்சமாக உயர்த்தி அவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்.

கைக்கு வந்த பத்திரங்களில் 20 லட்சம் டாலருக்கானவற்றை 1854-இல் பள்ளி நிதிக்கு ஒதுக்கினார்கள். 1856 சட்டத்தின்படி அந்த நிதியிலிருந்து ரயில் கம்பெனிகளுக்கு மைலுக்கு 6,000 டாலர் கடன் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்று வைத்த காசில் தண்டவாளம் போட்டார்கள் என்று குறை சொன்னவர்கள் உண்டு. வட்டி வந்தவரை அது தவறான முதலீடாகத் தோன்றவில்லை, போர் வந்ததும் வட்டி நின்றது.

கருவூலத்தைக் கொள்ளையடித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1865 ஜூன் 11, ஞாயிறு இரவு. உள்நாட்டுப் போரில் தெற்கு தோற்றுவிட்டது. ஆளுநர் பெண்டில்டன் மர்ரா மெக்ஸிகோவுக்குத் தப்பி ஓடும் நேரம். வடக்கின் படை இன்னும் வந்து சேரவில்லை. அது கால்வெஸ்டனில் இறங்கி அடிமைகள் விடுதலையை அறிவித்தது ஜூன் 19-இல்தான். இடைப்பட்ட நாட்களில் ஆஸ்டினில் அரசாங்கம் என்று எதுவும் இல்லை. ஊரைக் காக்க ஜார்ஜ் ஃப்ரீமன் என்ற கேப்டன் திரட்டிய தன்னார்வலர் படைதான் இருந்தது.

சட்டமன்றக் கட்டடத்துக்கு வடகிழக்கே இருந்த கருவூலக் கட்டடத்துக்குள் சுமார் 50 பேர் புகுந்து இரும்புப் பெட்டிகளை உடைத்தார்கள். தேவாலய மணியை அடித்து ஃப்ரீமனின் ஆட்களைக் கூட்டினார்கள். 20 பேர் அளவில் வந்தார்கள். உள்ளே துப்பாக்கிச் சண்டை. ஃப்ரீமனுக்குக் கையில் குண்டு பட்டது, கொள்ளையரில் ஒருவன் குண்டடிபட்டு அங்கேயே விழுந்தான். மற்றவர்கள் மவுண்ட் பானெல் குன்றின் பக்கமாகக் குதிரையில் போய்விட்டார்கள்.

போனது சுமார் 17,000 டாலர், எல்லாம் தங்க, வெள்ளி நாணயம். கருவூலத்தில் இருந்த நாணயத்தில் அது பாதிக்கும் மேல். அவசரத்தில் சிந்திப்போனதைத் தவிர எதுவும் திரும்பவில்லை. அன்று அங்கே லட்சக்கணக்கான டாலருக்குப் பத்திரங்கள் இருந்தும் கொள்ளையர்கள் கொண்டுபோனது நாணயத்தைத்தான்.

இந்தக் கருவூலத்துப் பத்திரங்களால் உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்று வந்ததாமே?

கொள்ளையைவிடப் பெரிய கதை இதுதான், ஆனாலும் குறைவாகவே பேசப்படுகிறது. 1850 ஒப்பந்தப்படி வந்த அந்தப் பத்திரங்கள் ஒவ்வொன்றும் 1,000 டாலர். ‘டெக்ஸாஸ் மாநிலத்துக்கோ, கொண்டுவருபவருக்கோ’ என்று எழுதியிருக்கும். 1864 டிசம்பர் 31-க்குப் பிறகு பணம் பெறலாம். ‘கொண்டுவருபவருக்கு’ என்றால் யார் வைத்திருந்தாலும் பணம்தான். அதற்குத் தடுப்பாக 1851-இல் டெக்ஸாஸ் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டது: ஆளுநர் பின்புறம் கையெழுத்திட்டால்தான் பத்திரம் கைமாறும்.

போரின்போது, 1862-இல், பிரிவினை அரசு அந்தச் சட்டத்தை நீக்கியது. கையெழுத்தோடு போனால் வாஷிங்டன் பணம் தராது என்பதால்தான். 1865 ஜனவரியில் ராணுவ வாரியம் 135 பத்திரங்களை ஜார்ஜ் வைட், ஜான் சைல்ஸ் என்ற இருவருக்குக் கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் பருத்தி சிக்கெடுக்கும் கருவிகளும் மருந்தும் தருவதாகப் பேச்சு.

போருக்குப் பின் வந்த அரசு பத்திரங்களைத் திரும்பக் கேட்டு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எதிர்த்தரப்பு கெட்டிக்காரத்தனமாக வாதிட்டது: டெக்ஸாஸ் பிரிந்து போய்விட்டது, அதனால் அது மாநிலமே இல்லை, மாநிலம் என்ற உரிமையில் இங்கே வழக்குப் போட முடியாது. 1869 ஏப்ரல் 12-இல் தலைமை நீதிபதி சால்மன் சேஸ் தீர்ப்பு எழுதினார். ஒன்றியமும் அழியாது, மாநிலங்களும் அழியாது. டெக்ஸாஸ் ஒருநாளும் வெளியே போகவில்லை. எனவே வழக்குச் செல்லும், பத்திரங்களும் மாநிலத்துக்கே. ஒரு மாநிலம் தன் விருப்பப்படி பிரிய முடியுமா என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்தின் பதில் ஒரு கருவூலக் கணக்குத் தகராறிலிருந்து வந்தது.

வாங்கியவர்கள் தோற்றதற்கு நடைமுறைக் காரணங்களும் உண்டு. கையெழுத்து இல்லாத பத்திரம், அதுவும் தவணைத் தேதி கடந்தது. அதைப் பார்த்தும் வாங்கியவர் நம்பிக்கையோடு வாங்கினேன் என்று சொல்ல முடியாது.

ஆளுநர் பொருளாளரை நீக்க முடியுமா?

ஒருவர் முயன்று பார்த்தார். 1872-இல் பொருளாளர் ஜார்ஜ் ஹனி வெளியூர் போயிருந்தபோது ஆளுநர் எட்மண்ட் டேவிஸ் அலுவலகத்தைக் கைப்பற்றி வேறொருவரை உட்கார வைத்தார். 1873-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஹனி பக்கம் தீர்ப்பளித்தது: மக்கள் தேர்ந்தெடுத்தவரை ஆளுநர் தன் விருப்பத்துக்கு நீக்க முடியாது. ‘சாவி வைத்திருப்பவர் யாருக்கும் கீழே இல்லை’ என்பது அந்த வழக்கோடு உறுதியாயிற்று.

குறிப்பிடத்தக்க பொருளாளர்கள் யார்?

பெயர்களைப் பார்த்தால் யாரோ விளையாடியது போலிருக்கும். போர்க்கால ஆளுநர் ஃபிரான்சிஸ் லப்பக் 1879 முதல் 1891 வரை பொருளாளர். 1931 முதல் 1941 வரை இருந்த சார்லி லாக்கார்ட்டின் உயரம் 45 அங்குலம்; தேர்தலில் ஜெயித்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின் ஜெஸ்ஸி ஜேம்ஸ். புகழ்பெற்ற வங்கிக் கொள்ளைக்காரனின் அதே பெயர்! ஆளுநர் ஓடேனியல் 1941-இல் நியமித்தவர், 1977-இல் இறக்கும்வரை 36 ஆண்டு பதவியில் இருந்தார். அவருக்குப் பின் வாரன் ஜி. ஹார்டிங், இது ஒரு அமெரிக்க ஜனாதிபதியின் பெயர். இப்படிப்பட்ட பெயர் ஓட்டுச்சீட்டில் நல்ல விளம்பரம் என்பது வெளிப்படை. அதிகம் பேர் கவனிக்காத பதவிக்குப் பெயர்ப் பழக்கமே பாதி வெற்றி.

ஹார்டிங்கின் கதை 1982-இல் முடிந்தது. அரசு ஊழியர்களைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தினார் என்ற வழக்கு வந்து, கட்சிக்குள் நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலிலிருந்து விலகினார். அந்த ஆண்டு வென்றவர் ஆன் ரிச்சர்ட்ஸ்.

ஆன் ரிச்சர்ட்ஸ் அப்படி என்ன மாற்றினார்?

1932-இல் மிரியம் ஃபெர்கூசன் ஆளுநராக வென்ற பிறகு, டெக்ஸாஸ் முழுக்க ஓட்டுப் பெற்று ஜெயித்த முதல் பெண் அவர். அலுவலகத்தில் அவர் முதலில் கைவைத்த இடம் செக்குகள் நிற்கும் இடம்.

ஒரு கணக்குப் போட்டால் காரணம் புரியும். 10 கோடி டாலருக்கான செக்குகள் ஒரு துறையின் தபால் பையில் கிடக்கின்றன. வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். அந்த ஆண்டுகளில் அது சாதாரண விகிதம். ஒரு நாள் தாமதத்தின் விலை: 10 கோடி × 0.10 ÷ 365, சுமார் 27,400 டாலர். வெள்ளி மதியம் வங்கிக்குப் போக வேண்டியது திங்கள் போனால் 3 நாள், சுமார் 82,000 டாலர். யாரும் திருடவில்லை, கணக்கிலும் குறை தெரியாது. வராத வட்டிக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாதே!

அதனால் பெரிய தொகைச் செக்குகளைத் தனியே பிரித்து வந்த நாளிலேயே வங்கிக்கு அனுப்பும் ஏற்பாடு, பழைய இயந்திரங்களுக்குப் பதில் கணினி, மின்வழிப் பணமாற்றம் என்று போனார். 1986-இல் கருவூலத்துக்குச் சொந்தமான அறக் கம்பெனி (டிரஸ்ட் கம்பெனி) ஒன்றைச் சட்டப்படி அமைத்தார்கள். நடுவில் வணிக வங்கி இல்லாமல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் பணமாற்ற, பத்திரச் சேவைகளை நேரடியாகப் பெறுவதுதான் அதன் நோக்கம். 1989-இல் நகராட்சிகளும் பள்ளி மாவட்டங்களும் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) உபரிப் பணத்தைச் சேர்த்துப் போடும் ‘டெக்ஸ்பூல்’ வந்தது. ரிச்சர்ட்ஸ் 1986 தேர்தலில் எதிர்ப்பின்றி வென்று, 1991-இல் ஆளுநரானார்.

டெக்ஸ்பூலில் நெருக்கடி வந்ததா?

வந்தது. 1994 டிசம்பர் 6-இல் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) முதலீட்டில் தோற்றுத் திவாலானது. டெக்ஸாஸில் இருந்த உள்ளாட்சிகள் பயந்து டெக்ஸ்பூலிலிருந்து பணத்தை எடுக்க வரிசை கட்டின. இப்படிப்பட்ட நிதியில் பணம் போடுபவர் எந்த நாளும் எடுக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் பத்திரங்களின் தவணை அதைவிட நீளம். வட்டி ஏறிய ஆண்டில் அவற்றின் சந்தை விலையும் இறங்கியிருக்கும். எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்டால் நஷ்டத்துக்குத்தான் விற்க முடியும்.

பதவியை ஏன் ஒழித்தார்கள்? யார் ஒழித்தார்கள்?

அந்தப் பதவியில் இருந்தவரே. 1990-இல் வென்ற கே பெய்லி ஹட்சிசன் 1993-இல் அமெரிக்க செனட்டுக்குப் போனார். (பொருளாளர் அலுவலக ஊழியர்களைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தினார் என்று அவர்மேல் வழக்கு வந்தது, 1994 பிப்ரவரியில் அரசுத் தரப்பு சாட்சியத்தை முன்வைக்காததால் விடுதலையானார்.) காலியான இடத்தில் ஆளுநர் ரிச்சர்ட்ஸ், லாங்வியூ நகர முன்னாள் மேயர் மார்த்தா வைட்ஹெட்டை நியமித்தார். சில மாதம் வேலை பார்த்தபின் வைட்ஹெட், இந்த அலுவலகம் தனியாக இருக்கத் தேவையில்லை என்று முடிவுக்கு வந்து, 1994 தேர்தலில் ‘என்னைத் தேர்ந்தெடுங்கள், என் பதவியை மூடிவிடுகிறேன்’ என்று பிரசாரம் செய்து வென்றார்.

மூடுவது எளிதல்ல. பதவி அரசியல் சட்டத்தில் இருப்பதால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஒப்ப வேண்டும். பிறகு மக்கள் ஓட்டு. 1995 நவம்பரில் மக்கள் சரி என்றார்கள். 1996 ஆகஸ்ட் 31-இல், நிதியாண்டு முடியும் அன்றே, அலுவலகம் முடிந்தது. வேலை, ஊழியர், அறக் கம்பெனி, டெக்ஸ்பூல் எல்லாம் கன்ட்ரோலரிடம் போயின. அப்போது கன்ட்ரோலர் ஜான் ஷார்ப்.

வைட்ஹெட்டின் வாதம் இதுதான்: நாணயத்தை மூட்டை கட்டி அடுக்கிய காலத்தில் சாவிக்கு ஓர் ஆள் வேண்டும். பணம் கணினியில் வரிகளாக மாறியபின் அதே வரியை இரண்டு அலுவலகங்கள் இரண்டு கணினியில் எழுதிச் சரிபார்க்கின்றன.

இரண்டு கை இருந்தது ஒரே கையானது ஆபத்தில்லையா?

நியாயமான கேள்வி. இன்று டெக்ஸாஸ் கன்ட்ரோலர் வரி வசூலிக்கிறார், கணக்கு எழுதுகிறார், பணத்தையும் வைத்திருக்கிறார். 1942-இல் வந்த சட்டத்திருத்தப்படி, எதிர்பார்க்கும் வருவாய்க்குள் பட்ஜெட் அடங்குகிறது என்று சான்று தருபவரும் அவரே. அமெரிக்க மாநிலங்களில் இவ்வளவு வேலை ஒரே நாற்காலியில் சேர்வது அபூர்வம். சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் மாநிலத் தணிக்கையாளர்தான் இப்போது மறுபார்வை.

நம் கருத்தைக் கேட்டால், பொருளாளர் பதவி தடுத்திருக்க வேண்டியவற்றை அது தடுத்ததாக வரலாறு காட்டவில்லை. ரெட்பேக்கும் பத்திர விற்பனையும் தாமதச் செக்கும் இரண்டு கையும் இருந்தபோதே நடந்தன. ஆனால் தனி அலுவலகம் இருந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொடுக்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பு போனது உண்மை.

மற்ற மாநிலங்களும் ஒழித்தனவா?

ஃப்ளோரிடாவும் மின்னசோட்டாவும் 1998 ஓட்டெடுப்பில் முடிவு செய்து 2003-இல் ஒழித்தன. விஸ்கான்ஸினில் 2018 ஏப்ரலில் கேட்டபோது மக்கள் மறுத்துவிட்டார்கள். கென்டக்கி ஒழிக்கவில்லை, ஆனால் ஒரு பாடம் கற்றது: ‘நேர்மை டிக்’ என்று பெயர் வாங்கி 20 ஆண்டு பதவியில் இருந்த ஜேம்ஸ் டேட், 1888 மார்ச்சில் சுமார் 2,47,000 டாலரோடு காணாமல் போனார். அதன்பின் 1891-இல் அந்த மாநிலத்துப் புதிய அரசியல் சட்டம், பொருளாளர் போன்றவர்கள் தொடர்ந்து பதவியில் இருக்கத் தடை போட்டது.

பொருளாளர் வைத்திருந்த உரிமை கோராத பணம் இப்போது எங்கே?

கன்ட்ரோலரிடம். மறந்துபோன வங்கிக் கணக்கு, வாங்காத கடைசிச் சம்பளம், வீட்டு முன்பணம், மின்சார இணைப்பு டெபாசிட், லாக்கரில் விட்ட நகை எல்லாம் இதில் சேரும். பெரும்பாலான கணக்குகளுக்கு 3 ஆண்டும், சம்பளத்துக்கு 1 ஆண்டும் அசைவில்லாவிட்டால், வைத்திருக்கும் நிறுவனம் மார்ச் 1 நிலவரப்படி கணக்கெடுத்து ஜூலை 1-க்குள் மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும். உரியவர் கேட்பதற்குக் காலக்கெடு கிடையாது. வாரிசும் கேட்கலாம்.

கோருவதற்குக் கட்டணம் இல்லை. தேடித் தருகிறோம் என்று வரும் ஆட்கள் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நீங்களே தேடினால் அந்த 10-ம் மிச்சம்.

ஹூஸ்டன், டல்லாஸ், ஆஸ்டினில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தமிழர்கள் தேடும்போது பெயர் சிக்கும். நம் இனிஷியல் அங்கே ஒரு கணக்கில் முதல் பெயராகவும் இன்னொன்றில் கடைசிப் பெயராகவும் ஏறியிருக்கும். அப்பா பெயரை விரித்து எழுதியது, எழுதாதது, முன்னும் பின்னும் மாற்றியது என்று எல்லா வடிவிலும் தேடுங்கள். விசாவில் ஒற்றைப் பெயர் இருந்தவர்கள் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டும் பாருங்கள். கிடைத்த பதிவில் உள்ள பழைய முகவரியில் நீங்கள் குடியிருந்ததற்குச் சான்று கேட்பார்கள். அந்த முகவரி அச்சான ஒரு வங்கி அறிக்கையோ சம்பளச் சீட்டோ, சமூகப் பாதுகாப்பு எண்ணோடு, பெரும்பாலும் போதும். வீடு காலி செய்யும்போது எல்லாவற்றையும் கிழித்துப் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.